நூறு கவனமும் ஒரு வெண்பாவும்

உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்தில் கவனக நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். மேடையில் பன்னிரண்டு வயதுப் பையன். ஒருவர் நினைத்தபோதெல்லாம் மணி அடித்தார். இன்னொருவர் பின்னாலிருந்து அவன் முதுகில் பூ எறிந்தார். இதற்கு நடுவே கூட்டத்தில் யாரோ பிறந்த தேதியைச் சொல்ல, கிழமையைச் சொன்னான். மாப்பிள்ளையின் வயதைக் கொடுத்தார்கள். பதினாறு கட்டங்களை நிரப்பினான். நெடுக்கு, குறுக்கு, மூலை எப்படிக் கூட்டினாலும் 60. முடிவில் மணி இத்தனை, பூ இத்தனை என்று பிசகாமல் ஒப்பித்தான். பக்கத்திலிருந்த பெரியப்பா, “சரஸ்வதி கடாட்சம்டா” என்றார்.

நானும்தான் கைதட்டினேன். ஆனால் கவனகம், அதாவது அவதானம், என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் எத்தனை விதத் திறமைகள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால், கைதட்டல் பெரும்பாலும் தவறான இடத்தில் விழுவது தெரிகிறது.

கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வரிசை 8, 11, 40, 1. அடுத்தது 39, 2, 7, 12. பிறகு 3, 42, 9, 6. கடைசியில் 10, 5, 4, 41. ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான எண்கள் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கும். கேட்ட எண்ணிலிருந்து 18, 19, 20, 21 ஆகியவற்றைக் கழித்து மிச்சம் நான்கு கட்டங்களில் போட்டால் வேலை முடிந்தது. கிழமையும் அப்படித்தான். 1947 ஆகஸ்ட் 15 என்றால், 47, அதில் நாலில் ஒரு பங்காக (பின்னத்தை விட்டுவிட்டு) 11, தேதி 15, ஆகஸ்டுக்கென்று மனப்பாடம் செய்த 3, மொத்தம் 76. ஏழால் வகுத்தால் மீதி 6. ஞாயிறை ஒன்றாக வைத்து எண்ணினால் வெள்ளி. குறளை எண்ணைக் கொண்டு சொல்வதில் மனப்பாட உழைப்பு பெரிது, ஆனால் அதிகாரத்தைக் கண்டுபிடிப்பது எளிது: 391 என்றால் முப்பத்தொன்பது அதிகாரங்கள் கழிந்து நாற்பதாவதில் முதல் குறள், அதாவது கல்வி.

அதனால் இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். தனித்தனியாக எளிதாக இருப்பவற்றை ஒரே நேரத்தில் நடத்துவதுதான் கஷ்டம். கழித்தலுக்கு நடுவே மணி அடித்தால், கழித்தலை விட்டுவிடாமல் மணியை ஒன்று கூட்டி வைக்க வேண்டும். பூ வேறு கணக்கு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, விட்ட இடத்துக்கே திரும்பும் இந்தப் பழக்கம் அவதானத்தின் உண்மையான சாதனை. பரீட்சை எழுதும் பிள்ளைகளிடம் நாம் கேட்பதேயில்லை இதை.

ஆனால் இதை நினைவாற்றல் என்ற பொதுச்சொல்லில் அடைத்து, பிள்ளையின் மூளையே விரிந்துவிட்டதாகப் பெற்றோரிடம் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில் எரிக்சன், சேஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஏழு இலக்கங்களைத் தாண்டி நினைவில் வைக்க முடியாத ஒரு மாணவர், ஏறக்குறைய 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் கிட்டத்தட்ட எண்பது இலக்கங்களை ஒப்பித்தார். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களைக் கொத்துக் கொத்தாக ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறுக்கு வந்துவிட்டார். பழகிய பொருளில் மட்டும் வளர்ந்த திறமை அது. கிழமை சொல்லும் பையனுக்கு வேதியியல் தானாக வந்துவிடாது.

தீர்ப்புச் சொல்லும் திறமையும் இதில் அளக்கப்படுவதில்லை. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டியவர். திரு.வி.க.வின் ஆசிரியர் நா. கதிரைவேற்பிள்ளையும் சதாவதானி. வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையில் பிள்ளை மருட்பா என்றார், பாவலர் அருட்பாவின் பக்கம் நின்றார். இருவர் நினைவும் நூறு கவனத்துக்குப் போதுமானது. எந்தப் பக்கம் நிற்பது என்பதை அந்த நூறில் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

பாவலர் காலத்து அவதானத்தில் மணிக்கும் பூவுக்கும் நடுவே ஒரு கடினமான கேள்வி இருந்தது: ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வது. கொடுப்பவர் வேண்டுமென்றே எக்குத்தப்பாகக் கொடுப்பார். பாடுபவர் தளை தட்டாமல், அந்த அடியின் பொருளையே திருப்பிவிட வேண்டும். இதற்குச் சூத்திரம் கிடையாது. தெலுங்குக்காரர்கள் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அட்டாவதானத்தில் ‘நிஷித்தாட்சரி’ என்று ஓர் அங்கம்: கவி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டு போக, எதிரிலிருப்பவர் அடுத்த எழுத்தை யூகித்து அதைத் தடுப்பார், கவி வேறு எழுத்துக்குத் தாவி ஓட வேண்டும். சம்பந்தமில்லாமல் பேசிக் கவனத்தைக் கலைப்பதற்கென்றே தனியாக ஒருவர் வேறு இருப்பார். நம் மேடைகளில் நான் பார்த்தவரை பாட்டு சுருங்கி, கணக்கும் ஒப்பித்தலும் பெருகிவிட்டன. எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? மணியையும் பூவையும் கிழமையையும் சேர்த்தால் எட்டென்ன, பதினாறாகவும் ஆக்கலாம். பட்டம் பெரிதாகும்.

அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் ஒருவர், மைக் கிடைத்த தைரியத்தில், பையனிடம் தன் பேத்தியின் பெயரைக் கேட்டார். “இன்னும் நீங்க சொல்லலை தாத்தா, சொன்னா மறக்க மாட்டேன்” என்றான். கூட்டம் சிரித்தது, கைதட்டவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது கணக்கில் இல்லை அல்லவா. எனக்கு அவனுடைய பதினாறு கட்டங்களைவிட அந்தப் பதில்தான் பெரிதாகப் பட்டது.

கட்டத்தை நானும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு சாயங்காலத்தில் கைவந்துவிட்டது. நண்பர் ஒருவரிடம் ஈற்றடி ஒன்றும் வாங்கினேன். நாலு நாளாயிற்று, மூன்றாம் அடியில் இன்னும் தளை தட்டுகிறது.