‘சராஃபினா!’ படத்தைத் தாய்மொழி நாளில் காட்டுவதற்கு முன்

தாய்மொழி நாளுக்கு என்ன படம் காட்டலாம் என்று பேச்சு வந்தால், யாராவது ஒருவர் ‘சராஃபினா!’ என்பார். நல்ல படம்தான். ஆனால் “தாய்மொழிக்காக உயிர்விட்ட மாணவர்கள்” என்று அறிமுகம் செய்துவிட்டுப் போட்டால், வரலாற்றைத் தலைகீழாகச் சொல்லிவிடுவோம்.

ஜோகன்னஸ்பர்க் நகரின் சோவெட்டோ இடைநிலைப்பள்ளி மாணவர்களின் கதை இது. எம்பொங்கெனி இங்கெமாவின் இசை நாடகம் 1992-இல் படமானது. லெலெட்டி குமாலோ மாணவி சராஃபினாவாகவும் வூப்பி கோல்ட்பெர்க் வரலாற்று ஆசிரியையாகவும் நடித்திருக்கிறார்கள். பாட்டும் ஆட்டமும் மாணவர்களைக் கட்டிப்போடும். அரசு பாடத்திட்டத்தைத் தாண்டிப் பேசும் அந்த ஆசிரியையைப் பார்த்தால் நமக்கே உடனே வகுப்புக்குப் போகணும்போல இருக்கும்.

குறை எங்கே? போராட்டத்தின் பொறியான பயிற்றுமொழிச் சிக்கலைப் படம் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகிறது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். கணிதம், சமூகக் கல்வி போன்ற பாடங்களைக் கறுப்பின மாணவர்களுக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் நடத்தச் சொல்லி 1974-இல் ஆணை வந்தது. ஆசிரியர்கள் பலருக்கே அந்த மொழி சரியா வராது. 1976 ஜூன் 16 அன்று மோரிஸ் ஐசக்சன், நலேடி முதலிய பள்ளிகளிலிருந்து மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது.

இங்கேதான் கவனிக்கணும். அந்த மாணவர்கள் சூலுவிலோ சோத்தோவிலோ பாடம் கேட்டுப் போராடவில்லை. 1953-இன் பாண்டு கல்விச் சட்டத்துக்குப் பிறகு, தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வியை நீட்டித்ததே அந்த அரசுதான். பிள்ளைகளைக் கூலி வேலைக்குள்ளேயே அடைத்து வைக்கிற வழி அது என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். ஆப்பிரிக்கான்ஸ் வேண்டாம் என்றவர்கள் ஆங்கிலத்தைத்தான் விரும்பினார்கள்.

தமிழாசிரியர்களான நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான். அதனாலேயே மறைக்கக்கூடாது. தாய்மொழி என்ற பெயர் மட்டும் ஒரு மொழியைப் பிள்ளைகளுக்குப் பிடித்ததாக்கிவிடாது. யார் அதைக் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். “தமிழ் படிச்சா என்ன கிடைக்கும், டீச்சர்?” என்ற கேள்வியும் அந்த வகைதான். அதட்டினால் அடங்காது.

முழுப் படத்தையும் போடாதீர்கள். சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை. வகுப்பறைக் காட்சிகளை மட்டும் காட்டிவிட்டு, “எந்த மொழியில் படிக்கணும்னு யார் முடிவு செய்யணும்?” என்று கேளுங்கள். பிறகு கொஞ்ச நேரம் நாம் வாயைத் திறக்காமல், அவர்களைப் பேச விடுவோம்.