ரப்பர் வளையம் மடக்கும் விரல்

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய ஆட்கள் இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் ஞாபகம் அது. அங்கே 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகள். கைக்கு ஆபத்து குறைவில்லாத வட்டாரம்.

நான் ரசிப்பது கத்தியை அல்ல, அதற்குப் பின் வரும் இயன்முறைச் சிகிச்சையை. தைத்த தசைநாண் சும்மா கிடந்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். நடுவில்தான் வித்தை. மணிக்கட்டைச் சற்று மடக்கிப் பிடிக்கும் ஒரு தாங்கி, நகத்தில் மாட்டிய ரப்பர் வளையம் (பல முறைகளில் இது ஒன்று). நீட்டுவது நோயாளி, மடக்குவது ரப்பர். தைத்த நாண் பாரம் இழுக்காமலே நகர்ந்து பழகுகிறது. என்ன சிக்கனமான யோசனை!

பிறகு கோலி பொறுக்குதல், துணி கிளிப்பை அழுத்துதல், மாவுபோன்ற களியைப் பிசைதல். பார்த்தால் பிள்ளை விளையாட்டு. செய்பவர் நெற்றியிலோ வியர்வை.

தையல் பிரித்ததும் ‘கை சரியாயிடுச்சு’ என்று மூட்டை தூக்கப் போய்விடாதீர்கள். தைத்த நாண் பாரம் தாங்க ஏறக்குறைய 12 வாரம் ஆகும்.