நாளைக்கும் அதே பெஞ்ச்

சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் தலைவர்களான பி.பி. வாடியாவிலிருந்தோ திரு.வி.க.விலிருந்தோ தொடங்குவார்கள். ஆனால் அது ஒரு பக்திச் சபையில்தான் தொடங்கியது. பெரம்பூரில் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவர் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பெயரில் ஆன்மிகச் சொற்பொழிவுகள் நடத்தி வந்தார்கள். பக்கத்திலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் கேட்க வருவார்கள். வந்தவர்கள் பெருமாள் கதையோடு தங்கள் கதையையும் பேசத் தொடங்கினார்கள்: சாப்பிடப் போதாத இடைவேளை, மேற்பார்வையாளர்களின் கைநீட்டல். இருவரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறோம்.

அந்தத் தொழிலாளர்கள் அரசியல் பேசுவதற்காக அங்கே கூடியவர்கள் அல்லர். வழக்கமாக வந்தார்கள், அவ்வளவுதான். வழக்கமாக வருகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். அறிந்த பிறகு மனம் விட்டுப் பேசுகிறார்கள். அப்படிப் பேசும்போது அரசியல் தானாக வந்து சேர்கிறது. வடசென்னையில் அரசியல் உரையாடல் இன்றுவரை இந்த வழியில்தான் நடக்கிறது. ராயபுரம் டீக்கடை, வண்ணாரப்பேட்டை சலூன், திருவொற்றியூர் படிப்பகம், தெருமுனை கேரம் மன்றம் என்று இடம் மட்டும் மாறும். இந்தப் பழக்கத்தை நம்மில் பலர் கொண்டாடுகிறோம். சிலர் வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே சோம்பேறித்தனமான முடிவுகள்.

வடசென்னையில் இது வேரூன்றியதற்கு வீடும் வேலையும் காரணம். ஒரே அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் வீட்டில் இரவு ஷிப்டு முடித்து வந்தவனுக்குப் பகலில் இடமில்லை. எண்ணூரில் அசோக் லேலண்டு வந்தது. 1950களில் திருவொற்றியூரில் என்பீல்டு வந்தது. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயரில் ஒரு நகரே உண்டு. ஷிப்டு விடும் நேரத்தில் வாசலில் கூட்டம் கூடும். அந்த நேரத்துக்கு இந்த டீக்கடையில் இன்னார் இருப்பார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. காசிமேட்டில் கடலிலிருந்து திரும்பும் நேரம், துறைமுகத்தில் ஜீரோ கேட் அருகே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் நேரம், எல்லாம் இப்படித்தான் பேச்சுக்கான நேரமாயின.

இந்த நேரத்தைத் திராவிட இயக்கத்தைப் போலப் புரிந்துகொண்டவர்கள் வேறு யாரும் இல்லை. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்ததை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தைவிட, அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு முளைத்த படிப்பகங்களே பெரிய சாதனை என்பது என் கணிப்பு. ஓலைக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பலகை, ‘விடுதலை’, ‘முரசொலி’. பொதுவுடைமைக்காரர்களின் மன்றங்களில் ‘ஜனசக்தி’, பின்னால் ‘தீக்கதிர்’. எழுத்தறிந்த ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, நிறுத்தச் சொன்னார்கள், திருப்பிப் படிக்கச் சொன்னார்கள், “அவன் எழுதிட்டா ஆச்சா?” என்று மறித்தார்கள். பத்திரிகையை இப்படிக் கூட்டாக மென்று தின்ற பழக்கத்தை பிரான்சிஸ் கோடி போன்ற மானிடவியலாளர்கள் தமிழ்நாட்டு டீக்கடைகளில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ‘தினமலர்’ தன் அரசியல் கிசுகிசுப் பகுதிக்கு ‘டீக்கடை பெஞ்ச்’ என்று பெயர் வைத்ததும் வாசகருக்கு அந்தக் காட்சி பழக்கம் என்பதால்தான்.

பெஞ்சின் முதல் பலம் இது: செய்தி அங்கே தனியாக யார் தலையிலும் இறங்குவதில்லை. நான்கு பேர் கேள்வி கேட்ட பிறகே இறங்குகிறது. இரண்டாவது பலம் கலாய்ப்பு. “இன்னா தலைவா, உங்காளு நேத்து மேடையில பூந்து விளையாடிட்டாரு போல?” என்று எதிர்க்கட்சிக்காரன் ஆரம்பிப்பான். “த்தோ, வந்துட்டாருபா வக்கீலு” என்று பதில் வரும். கட்சிக்காரனுக்கு இதில் ஒரு பயிற்சி இருக்கிறது. மேடையில் தன் தலைவரைத் துதிப்பது எளிது. தன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவன் முன்னால் துதிப்பது கடினம். அங்கே நம்பும்படி பேசத் தெரிந்தவனால்தான் தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடிக்க முடிந்தது.

இந்த இடத்தில் லண்டன் காபிக்கடைகளை நினைக்காமல் இருக்க முடியாது. 1675 இறுதியில் இரண்டாம் சார்லஸ் மன்னர் அவற்றை மூடும்படி ஆணை போட்டார். அரசுக்கு எதிரான பேச்சு அங்கே விளைகிறது என்பது காரணம். எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்தக் கடைகளையும் வைத்துத்தான் ஜெர்மன் சிந்தனையாளர் ஹாபர்மாஸ் பொதுவெளி பற்றிய தன் கோட்பாட்டைக் கட்டினார்: முன்பின் அறியாதவர்கள், தகுதி வேறுபாட்டை வாசலில் விட்டுவிட்டு, வாதத்தின் வலுவை மட்டும் வைத்துப் பேசிய இடம் என்று. அது அப்படியே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை இருக்கிறது. நம் பெஞ்சோ கோட்பாட்டளவிலேயே வேறு வகை. இங்கே யாரும் அறியாதவர் இல்லை. யார் மகன், எந்தத் தெரு, யாரிடம் கடன், எந்தக் கட்சியில் எந்த வட்டத்தில் இருக்கிறான் என்பதெல்லாம் பேச்சு தொடங்கும் முன்பே தெரியும். இவர்களைக் கட்டிவைப்பது வாதத்தின் வலு அல்ல. நாளைக்கும் இதே முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பது. சண்டை எவ்வளவு முற்றினாலும் இரவில் ஒருவன் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க வருபவன் காலையில் எதிர்க்கட்சிக்குப் பேசியவன்தான். அது தெரிந்தே சண்டை போடுகிறார்கள், ஒரு எல்லைக்குள்.

அந்த எல்லை எங்கே கிழிக்கப்படுகிறது என்று பார்த்தால்தான் இந்தப் பழக்கத்தின் குறை தெரியும்.

மறுபடி பெரம்பூர் ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். 1918-ல் ஒன்றாக உட்கார்ந்த தொழிலாளர்கள் 1921 வேலைநிறுத்தத்தில் இரண்டாகப் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைநிறுத்தத்திலிருந்து விலகி நின்றார்கள், ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா இவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம் நடந்தது, போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். நிர்வாகமும் அரசும் பிரித்தாண்டன என்பது உண்மை. ஆனால் பிரிப்பதற்கு விரிசல் முன்பே இருந்திருக்க வேண்டும். அந்தச் சபையிலும் அதன் பிறகு வந்த கூட்டங்களிலும் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருடைய குறை சங்கத்தின் குறையாக எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை? மேற்பார்வையாளன் கை நீட்டினான் என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தன்னை எப்படி நடத்துகிறான் என்று சொல்ல முடிந்ததா?

வழக்கமான நண்பர்கள் நடுவில் அரசியல் பேசுவதன் அடிப்படைச் சிக்கல் இது. வெளியே இருப்பவனைப் பற்றி எதையும் பேசலாம். மோடியை, ஸ்டாலினை, எடப்பாடியை, அமெரிக்க அதிபரை ஒரு பிடி பிடிக்கலாம். பெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. பெஞ்சுக்குள் இருக்கும் இருவரின் நலன் நேருக்கு நேர் மோதும் விஷயம் வந்தால் பேச்சு நகர்ந்துவிடும். அப்போது யாராவது இன்னொரு டீ சொல்வார்கள்.

எண்ணூரில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்த ஊர்கள் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம். அதன் கரையில் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் ஓடி 2017-ல் நின்றது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. 2001-ல் துறைமுகம் வந்தது. சாம்பல் ஆற்றில் படிந்தது. ஒரே தெருவில் ஒருவன் ஆற்றில் இறங்குகிறான், அவன் பங்காளி ஆலையிலோ மின்நிலையத்திலோ ஒப்பந்த வேலைக்குப் போகிறான். இவர்கள் இருவரும் தினமும் ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். சாம்பலைப் பற்றிக் கோபமாகப் பேசினால் இன்னொருவன் சோற்றைப் பற்றிப் பேசியது போலாகிவிடும். ஆகவே இருவரும் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். அரசாங்கம் தூரத்தில் இருக்கிறது, நட்புக்குப் பாதகமில்லை. ஊரின் தலையாய அரசியல் கேள்வி அந்த ஊரின் பெஞ்சில் அரைகுறையாகவே பேசப்படுகிறது.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் ஆலைக்கு எதிரே நாட்கணக்கில் உட்கார்ந்தார்கள். மீனவ ஊர்களில் அப்படி உட்காரலாமா என்று முடிவெடுக்கும் இடம் ஊர்க்கூட்டம். அங்கே கருத்து சொன்னால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்; இன்று கடலுக்குப் போகக் கூடாது என்றால் போகக் கூடாது. தொழிற்சங்கப் பொதுக்குழுவிலும் அப்படித்தான், கை தூக்கியவன் பிறகு மறுக்க முடியாது. டீக்கடையில் யாரும் கை தூக்குவதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்லலாம், சிரித்துவிட்டுப் போகலாம். அந்தச் சுதந்திரம்தான் அங்கே பேச்சை வளர்க்கிறது. எந்தப் பேச்சையும் முடிவாக விடாததும் அதே சுதந்திரம்தான். (ஊர்க்கூட்டத்தையும் புனிதமாக்க வேண்டாம். அங்கே பெண்களுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டால் பெரியவர்கள் தொண்டையைக் கனைப்பார்கள்.)

பெண்களைப் பற்றி இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெஞ்சில் அவர்கள் இல்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கூடை கூடையாக விலை பேசுகிற பெண், துறைமுகத்தில் யார் என்ன காசு வாங்குகிறார்கள் என்பதைக் கவுன்சிலரைவிட நன்றாக அறிந்தவள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற வரிசையில் நகராட்சி நிர்வாகம் பற்றி நடந்த விவாதத்துக்குச் சமமானதை நான் எந்த டீக்கடையிலும் கேட்டதில்லை. ஆனால் அதை அரசியல் பேச்சு என்று யாரும் எண்ணவில்லை. கட்சிகளும் அந்த வரிசையில் படிப்பகம் திறக்கவில்லை. கேரம் மன்றங்களும் ஆண்களின் இடமாகவே இருந்தன. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அவருக்குப் பலகையை முதலில் காட்டியவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய தந்தை. ஒரு பெண் அந்த வட்டத்துக்குள் வர, கூடவே அப்பா வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறை கட்சிகளால் வந்தது. நண்பர் செட்டு என்பது தயார் நிலையில் இருக்கும் கிளை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட ஒரு வாரத்துக்குள் புதுக் கட்சி தொடங்கினார். அவ்வளவு வேகத்தில் ஊருக்கு ஊர் கிளை கிடைத்தது எப்படி? ரசிகர் மன்றங்கள் இருந்தன. சேர்ந்து படம் பார்த்த நண்பர்கள் சேர்ந்தே கட்சி மாறினார்கள். தலைவர்களுக்கு இது வசதி. ஆனால் தனியாக யோசித்து ஒரு கட்சியைத் தேர்ந்தெடுப்பதும், செட்டு போகிறது என்று கூடவே போவதும் ஒன்றல்ல. பெஞ்சு கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது என்று மேலே எழுதினேன். கேள்வி கேட்பவனைத் தனிமைப்படுத்தவும் அதற்குத் தெரியும். “ஓவரா பேசுறான்பா” என்ற ஒரு வரி போதும். ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்ற பலகையை டீக்கடைக்காரர் மாட்டுவது அடிதடிக்கும் போலீசுக்கும் பயந்து என்பார்கள். எனக்கென்னவோ, பெஞ்சே தனக்குள் மாட்டிக்கொண்ட பலகைகள்தான் அதைவிட அதிகம் என்று தோன்றுகிறது.

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தப் பழக்கம் போய்விட்டால் நஷ்டமே என்றுதான் எடைபோடுகிறேன். அதே டீயை அதே கடையில் வாங்கி, சற்றுத் தள்ளி நின்று இந்தியிலும் ஒடியாவிலும் பேசும் பிகார், ஒடிசா இளைஞர்களைப் பார்க்கும்போது அது உறுதிப்படுகிறது. வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி பெஞ்சில் பேச்சு நடக்கிறது, அவர்களோடு நடப்பதில்லை. அருகிலேயே நிற்பவனைப் பற்றி வதந்தி மட்டும் தெரிந்திருப்பது, அவன் இன்னும் வழக்கமான முகமாகவில்லை என்பதால். ஆகியிருந்தால் அவனையும் கலாய்த்திருப்பார்கள், அவனும் திருப்பிக் கொடுத்திருப்பான்.

பெஞ்சு தேய்வதற்குக் கைபேசியைக் காரணம் சொல்கிறார்கள். எளிதான விளக்கம் அது. டீ ஆறும்வரை எல்லோரும் தலை குனிந்து திரையைத் தடவுவதை நானும் பார்க்கிறேன். ஆனால் திரையில் பார்த்ததை வைத்துத்தான் அடுத்த சண்டையே தொடங்குகிறது. முன்பு பத்திரிகை செய்த வேலையைத் திரை செய்கிறது. இழந்தது வேறு. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளான பின்னி 1996-ல் மூடப்பட்டது. மற்ற ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஒப்பந்த ஆள் வருகிறான். அவனை ஒப்பந்தக்காரர் இந்த மாதம் எண்ணூரில் இறக்குவார், அடுத்த மாதம் ஒரகடத்தில், அதற்கடுத்து எங்கே என்பது அவருக்கே தெரியாது. முப்பது வருடம் ஒரே வாசலில் ஷிப்டு விட்டு வந்தவர்களுக்கு நாளைக்கும் பார்க்க வேண்டிய முகம் இருந்தது, அதனால் சண்டை போட ஆளும் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு வாசல் என்றிருப்பவன் டீயை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு வேனில் ஏறுகிறான்.