போடிங் அறையும் நமது எழுத்தும்

வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் கொழும்புத் தமிழரின் குடியிருப்புகள் என்று கூறுவது வழக்கம். ஆயின் தொழில் தேடி அங்கு வந்து சேர்ந்த இளைஞருட் பலர் குடியிருக்க வந்தவரல்லர், தங்க வந்தவர். அன்றைய எழுதுவினைஞர், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்தி, இன்று கணினி நிறுவனமொன்றில் இரவுவேலை பார்க்கும் பெண் ஆகிய யாவரையும் பிணைப்பது பிறர் வீட்டின் ஓர் அறையும், அதில் நெருக்கிப் போட்ட கட்டில்களும், மாதப் பிறப்பில் எண்ணிக்கொடுக்கும் பணமுமேயாகும். போடிங், அனெக்ஸ், லொட்ஜ் எனப் பெயர்கள் வேறுபடலாம். உறவு ஒன்றுதான்.

இவ்வறையை நமது புனைகதை எவ்வாறு கண்டது? பெரும்பாலும் புகையிரத நிலையத்துத் தங்குமடமாகவே கண்டது எனலாம். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. நமது கதாநாயகனின் மனமும் அதனோடு வடக்கு நோக்கி ஓடிற்று. கட்டிலிற் படுத்தபடி பனங்கூடலையும் கோயிற் கொடியேற்றத்தையும் நினைந்து ஏங்கினானேயன்றி, அடுத்த கட்டிலிற் கிடந்தவன் என்ன சம்பளம் பெறுகிறான் என்று அவன் கேட்டதில்லை. 1835இல் பல்சாக் எழுதிய கோரியோக் கிழவன் கதையிலோ, விடுதியின் எந்த மாடியில் எவர் எவ்வளவு வாடகைக்கு இருக்கிறார் என்பது கதை விரியுமுன்னரே வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. படி ஏற ஏற வாடகை குறையும்; அங்கு வாழ்பவரின் மதிப்பும் குறையும். 1902இல் மேடையேறிய கார்க்கியின் 'அதல பாதாளத்தில்' நாடகத்திலும் இரவுவிடுதியின் உரிமையாளன் வெறும் பின்னணிப் பாத்திரமல்லன்.

நமது போடிங்குக்கும் அத்தகைய பொருளாதாரம் உண்டு; அதற்கு மேலொன்றும் உண்டு. "தம்பி எவ்விடம்?" என்பார் வீட்டுக்கார அம்மா. ஊர்ப்பெயரைச் சொன்னதும், "அங்கை எவ்விடம்?" என்ற இரண்டாவது கேள்வி வரும். முதற்கேள்வி உபசாரம், இரண்டாவது சாதி விசாரணை. முற்பணம் கையிலிருந்தும் அறை கிடையாமல் திரும்பியவரின் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. பழைய போடிங் வாழ்வை அன்பும் பகிர்வும் நிறைந்த பொற்காலமாகச் சித்திரிப்போர் இவ்விரண்டாவது கேள்வியை மறந்துவிடுகின்றனர்.

சட்டமும் இவ்வறையினுள் அதிகம் எட்டிப்பார்க்கவில்லை. பொதுவுடைமைவாதியான பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வந்த 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்று வரையறுத்தது. துணிகரமான சட்டம், வாடகைக் குடிகள் பலரை வீட்டுச் சொந்தக்காரராக்கிற்று. ஆனால் அதன் கண்ணிற் பட்டவை வீடும் குடும்பமும். கட்டிலின் கீழே ஒரு ட்ரங்குப் பெட்டி வைத்திருந்தவன் அதன் கணக்கில் வரவில்லை.

அவன் அரசின் கணக்கில் வந்தது பொலிஸ் பதிவின் மூலமாகத்தான். 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் லொட்ஜுகளுள் நுழைந்த பொலிஸார், அங்கிருந்த தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினர். அரசு தந்த எண்ணிக்கை 376. தக்க காரணமின்றிக் கொழும்பிலே தங்கியிருந்தனர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். தொழில், மருத்துவம், வெளிநாட்டுப் பயண அனுமதி எல்லாம் காரணமாகா போலும்! மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுக்க, மறுநாளே உயர் நீதிமன்றம் இச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பின்னர் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். விரும்பிய இடத்தில் வதியும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை எல்லாக் குடிமக்களுக்கும் வழங்குகிறது. லொட்ஜில் இருப்போருக்கு அதில் விதிவிலக்கு இல்லை.

தமிழர் என்பதே அவர்கள் வெளியேற்றப்பட்டமைக்கு முதற்காரணம், இதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அன்று தேடிச் செல்லப்பட்டவை லொட்ஜுகள் என்பதையும் நோக்குதல் வேண்டும். தமிழருள்ளும் சொந்தத் தொடர்மாடி வீடு வாங்க வசதியற்றவரே அந்தப் பேருந்துகளில் ஏறினர். இனவொடுக்குமுறையைப் பேசும் நமது விமர்சகர் இந்த வர்க்கக் கோட்டை ஏன் காணாது விடுகின்றனர்?

இப்பொழுது 'கோ-லிவிங்' என்ற புதுப்பெயருடன் பழைய சரக்கு உலகச் சந்தைக்கு வந்திருக்கிறது. இலண்டனில் 500க்கும் மேற்பட்ட சிற்றறைகள் கொண்ட கட்டிடத்தை 2016இல் திறந்த 'த கலெக்டிவ்' என்ற நிறுவனம் 2021இல் நொடித்தது. தனிமைக்கு மருந்தெனக் கூடிவாழ்தலை விற்றவர்கள், வாடகையைக் கூடித் தீர்மானிக்கும் உரிமையை விற்கவில்லை. 1872இலேயே எங்கெல்ஸ், வீட்டுப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, இடம்மாற்றி வைக்கிறது என்று வாதிட்டார்.

பொதுச் சமையலறையும் சலவையகமும் கொண்ட நர்கொம்ஃபின் கட்டிடம் 1930 அளவில் மொஸ்கோவில் எழுந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பணிபுரியும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு 'தோழி' விடுதிகளைப் பல நகரங்களில் நடத்துகின்றது. கொழும்பிலே அவ்வாறான பொது விடுதிகளைக் கோருமுன், ஒவ்வொரு கட்டிலுக்கும் எழுத்திலொரு பற்றுச்சீட்டையாவது கேட்கலாம். பொலிஸாரிடம் காட்டவும், வாடகை திடீரென ஏறும்போது வீட்டுக்காரரிடம் காட்டவும் அது உதவும்.