ஜொகூர்த் தமிழ்ச் சபையில் ஓர் ஆராதனை: எப்படி ரசிப்பது?

2014-ஆம் ஆண்டு தொடங்கி 2024 முடியும்வரை ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறைகளாக இருந்தபடியால், கிறிஸ்தவர்களின் கர்த்தருடைய நாளாகிய ஞாயிறு, அரசாங்கக் காரியாலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சாதாரண வேலைநாளாயிற்று. காலையில் பிள்ளைகளுக்குச் சீருடை அணிவித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதே பிள்ளைகளை மாலையில் குளிப்பாட்டி வேறு உடை உடுத்தி ஆலயத்துக்கு அழைத்துப் போக வேண்டிய நிலைமை அக்காலத்துப் பெற்றோர் பலருக்கு இருந்தது. 2025 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் மறுபடி விடுமுறைகளாகிவிட்டன. ஆனாலும் அந்தப் பதினோராண்டுகளில் வேலையும் பள்ளியும் முடிந்த களைப்போடு மாலை ஆராதனைக்கு வந்து சேர்ந்த குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறவர்கள், வழிபாடு ஓய்வுநாளின் அலங்காரமாக மாத்திரம் இருந்திருந்தால் இவ்வளவு சிரமத்தை எவரும் மேற்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதை எளிதில் உணர்வார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவ ஆராதனையில் அயலார்க்கு மனம் ஒன்றாமல் போவதற்கும், அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த வாலிபர்கள் சில வேளை சலிப்புறுவதற்கும் காரணம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம். இரு சாராரும் பிரசங்கத்தையே ஆராதனையின் உயிர் என்று எண்ணிக்கொண்டு, அது நன்றாயிருந்தால் மகிழ்ந்தும், நீண்டுபோனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தும் திரும்பிவிடுகிறார்கள். பிரசங்கம் அவசியமானதுதான், ஆயினும் ஒரு பிள்ளையின் குணாதிசயம் அதனால் உருவாவதைவிட, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்கிற, எவரும் விளக்கிச் சொல்லாத செய்கைகளினாலேயே மிகுதியும் உருவாகிறது. ஆகையால், கல்யாணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ நண்பரின் அழைப்பின்பேரில் ஆலயத்துக்குள் நுழையும் இந்து அன்பர்களுக்கும், வழக்கமாகப் போய் வருகிற கிறிஸ்தவர்களுக்கும் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை, பிரசங்க பீடத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பாருங்கள் என்பதே.

எங்கே போவது என்ற கேள்விக்கு விடை எளிது. ஜொகூர் பாருவில் ஜாலான் கெரெஜாவில், சுல்தான் அபு பக்கார் காலத்தில் 1883-ல் எழுந்த அமலோற்பவ மாதா ஆலயம் நிற்கிறது. மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தின் கதீட்ரலாகிய திருஇருதய ஆலயமும் அந்நகரத்திலேயே இருக்கிறது. மாநிலத்தின் கத்தோலிக்கப் பங்குகளில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் பூசை நடக்கும் இடங்கள் உண்டு. மெதடிஸ்டு, லுத்தரன், ஆங்கிலிக்கன் முதலிய சபைகளைச் சேர்ந்த தமிழர்களும் இங்கே வாழ்கிறார்கள். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, தொடக்கத்துக்குக் கால்மணி முன்னதாகவே போய்ப் பின்வரிசையில் அமர்வது உத்தமம். ஏனெனில் ரசிக்கத்தக்க முதற்காட்சி ஆராதனை ஆரம்பமாவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

வாசல்வரை ஓடி விளையாடிவந்த ஐந்து வயதுக் குழந்தை, உள்ளே காலெடுத்து வைத்ததும் தன் நடையை மாற்றிக்கொள்கிறது. கத்தோலிக்க ஆலயமானால் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் இடுகிறது. மற்றச் சபைகளில் தாயின் பக்கத்தில் அமர்ந்து, அவள் தலைகுனிவதைப் பார்த்துத் தானும் தலைகுனிகிறது. அதற்கு வேதாந்தம் ஒன்றும் தெரியாது. தன்னினும் பெரிய ஒருவருடைய சந்நிதி இது, இங்கே தன் இஷ்டம் மாத்திரம் செல்லாது என்ற ஒரே உணர்ச்சியை அதன் உடம்பு கற்றுக்கொள்கிறது. ஒழுக்கத்தின் முதற்பாடம் இதைத் தவிர வேறென்ன? தன்னைச் சுற்றியே உலகம் சுழல்வதாக நினைக்கும் பருவத்தில், தான் நடுநாயகம் அல்ல என்பதைத் தண்டனையின்றியும் அவமானமின்றியும், பயத்தைவிட அன்பே மிகுந்த ஓர் இடத்தில் ஒரு குழந்தை அறிந்துகொள்வது சாமானியமான பாக்கியம் அன்று.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது சங்கீதம். இங்கே சற்று நின்று நிதானிப்பது தகும். சீர்திருத்தச் சபைகளில் இரண்டு விதமான பாட்டுகள் வழங்குவதைக் காது உடனே அறிந்துகொள்ளும். ஜெர்மானிய, ஆங்கிலேய மெட்டுகளில் நேராக அடியெடுத்து நடக்கும் ஞானப்பாட்டுகள் ஒரு வகை. ராகமும் தாளமும் தலைப்பில் குறிக்கப்பெற்று, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று விரியும் கீர்த்தனைகள் மற்றொரு வகை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் வழிவந்தோர் முதல்வகையைத் தமிழுக்குத் தந்தார்கள். இரண்டாம் வகைக்குப் பெருமை சேர்த்தவர், திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்றுத் தஞ்சையில் வாழ்ந்து 1864-ல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சியைப் பாடிய அவரும், அவரைப் போன்ற பிறரும் இயற்றிய கீர்த்தனைகளை, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் திரட்டி 1853-ல் நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் பெருகிய அந்தத் தொகுதிகளின் வழியே வந்த பாட்டுகள்தாம், கடல் கடந்து சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிமார் திரட்டிய ஆட்களாகவும் மலாயாவுக்கு வந்த கிறிஸ்தவத் தமிழர்களோடு கூட வந்தன.

அவர்கள் கொண்டுவந்த பெட்டிகளில் வேறென்ன பொக்கிஷம் இருந்திருக்கப் போகிறது? குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், லாபிஸ் என்று ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த வட்டாரங்களில், விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து, பால்மரம் சீவி, மாலையில் லயம் என்ற வரிசைவீட்டுக்குத் திரும்பிய மக்களில் எழுத்தறியாதோர் அநேகர். அவர்களுக்குக் கீர்த்தனையின் பல்லவியே வேதப்புத்தகம். மறுபடி மறுபடி திரும்பிவரும் பல்லவியைக் கேட்டுக் கேட்டே, வாசிக்கத் தெரியாத தாயும் வாசிக்கப் பழகாத பிள்ளையும் ஒரே சமயத்தில் ஒரே பாட்டை மனனம் செய்துவிடுவார்கள். இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியும், துண்டாடப்பட்டும், வீட்டுமனைகளாகியும் போய்விட்டன. அவற்றின் மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் முதலிய இடங்களில் குடியேறிவிட்டார்கள். ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டும், மிருதங்கத்தின் இடத்தில் டிரம்ஸும், பாட்டுப் புத்தகத்துக்குப் பதிலாகச் சுவரில் ஒளிரும் எழுத்துகளும் வந்திருக்கின்றன. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஆனந்தபைரவியிலோ செஞ்சுருட்டியிலோ ஒரு பழைய கீர்த்தனை எடுக்கப்படும் வேளையில், பாட்டியார் திரையைப் பார்க்காமலே பாடுவதையும், பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளை அவருடைய வாயசைவைப் பார்த்துப் பல்லவியைப் பிடித்துக்கொள்வதையும் தவறவிடாதீர்கள். நான்கு சரணங்கள் கொண்ட பாட்டில் சபையார் இரண்டை மாத்திரம் பாடி நிறுத்திவிடும் தற்கால வழக்கம் வருந்தத்தக்கது. பல கீர்த்தனைகளில் முதற்சரணங்கள் தெய்வத்தின் பெருமையைப் பாட, பிற்சரணங்களில்தான் பாடுகிறவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு இனி இப்படி நடப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். துதியைப் பாடிவிட்டு வாக்குறுதிக்கு முன் உட்கார்ந்துவிடுகிற பிள்ளைக்குப் பாட்டின் பாதிப் பயன்தான் கிட்டும்.

கத்தோலிக்கர்களின் நிலைமை சற்றே வேறு. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டுத் தாய்மொழிக்கு வழிதிறந்த பின்னரே பூசை முழுவதும் தமிழில் ஒலிக்கலாயிற்று. அதற்கு முன் குருவானவர் லத்தீனில் மந்திரம் சொல்ல, ஜனங்கள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் நினைவுகூர்வதுண்டு.

பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்கு இத்தனை கீர்த்தனைகளைத் தந்த சாஸ்திரியாரே, சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று மிஷனரிமார் வற்புறுத்தியபோது, தஞ்சைச் சபையில் அதை எதிர்த்து நின்று சாதியாசாரத்துக்காக வாதாடி எழுதியவர். 1833-ல் டானியேல் வில்சன் அத்தியட்சர், சாதிப் பிரிவினை சபையினின்று முற்றும் ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டதும் பலர் வெளியேறினார்கள். பெருங்கவியின் நாவில் தவழ்ந்த பக்தி, பக்கத்து ஆசனத்தில் உட்காருகிறவனைச் சமமாகக் கருதும் அளவுக்கு இறங்கவில்லை என்பது துக்கமான உண்மை. அதை மறைத்துவிட்டு அவருடைய பாடல்களை மாத்திரம் புகழ்வது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் துரோகம். தோட்டத்து லயங்களுக்கும் சாதி கப்பலேறி வந்ததென்பதை அறிந்த நாம், இன்று ஜொகூர் ஆலயம் ஒன்றில் வெவ்வேறு ஊர்ப் பூர்வீகமுள்ள தமிழரும், சீனரும், பிலிப்பைன்ஸிலிருந்து பிழைக்கவந்த பெண்ணும் ஒரே பெஞ்சியில் நெருங்கி அமர்ந்திருப்பதைக் காணும்போது, எத்தனை பேருடைய போராட்டத்துக்குப் பின் இந்த நெருக்கம் கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் அந்தப் பெஞ்சியைப் பார்த்தே வளர்கிறார்கள்.

காணிக்கைப் பை வரும்போது, சில பெற்றோர் தங்கள் காணிக்கையைத் தாங்களே போடாமல், பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு வெள்ளியையோ ஐந்து வெள்ளியையோ வைத்துப் போடச் செய்வார்கள். மிட்டாய் வாங்கத் தகுந்த காசு என்று அறிந்த பிள்ளை, ஒரு கணம் அதை இறுக்கிப் பிடித்துவிட்டுப் பின்பு விடுவதை அருகிலிருந்து பார்க்கலாம். கத்தோலிக்கப் பூசையில், நற்கருணைக்கு முன்பு ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கும்பிட்டுக்கொள்ளும் கட்டம் இதனினும் ஆழமானது. பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்தபின் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு போதித்ததன் நிழல் அதில் இருக்கிறது. வழிபாட்டின் அர்த்தத்தைக் குறித்து எத்தனை சாஸ்திரங்கள் எழுதினாலும் இந்தப் போதனைக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்: மனிதனோடு பகையை வைத்துக்கொண்டு செய்யும் ஆராதனையைத் தெய்வம் காத்திருக்கச் சொல்கிறது. காரில் வரும்போது சண்டையிட்டுக்கொண்ட தமக்கையும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகூப்பினாலும்கூட, கைகூப்பியே தீரவேண்டியிருக்கிறதல்லவா? அந்தக் கட்டாயத்திலிருந்தே சிறிது சிறிதாக மனமும் பழகும்.

ஆலயத்தில் கண்டதன் வேரைக் காண விரும்புகிறவர், வாய்ப்புக் கிடைத்தால் இரவு ஒரு கிறிஸ்தவ வீட்டின் குடும்ப ஜெபத்தில் உட்கார வேண்டும். விருந்தாளி வந்துவிட்டாரே என்று அவர்கள் அதைத் தள்ளிவைக்க முற்பட்டால், வேண்டாமென்று சொல்லி அவர்களோடு தரையில் அமருங்கள். ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்வதற்காக விடியுமுன்னே புறப்பட்டுப்போன தகப்பன், பிள்ளைகள் உறங்குமுன் திரும்பிவரும் நாள்களில் இந்த ஜெபம் ஒன்றே குடும்பம் முழுதும் ஒருமித்துக் கூடும் வேளையாகிவிடுகிறது. ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், பின்பு ஒருவர் பின் ஒருவராய் ஜெபம். கடைக்குட்டியின் ஜெபத்தைக் கூர்ந்து கேளுங்கள்: பரீட்சை, காய்ச்சலாயிருக்கும் பாட்டி, பக்கத்து வீட்டுப் பூனை, மறந்துபோகாமல் அடுத்த வீட்டு ஆன்ட்டிக்கும் நல்ல சுகம். பிறருடைய பெயரைச் சொல்லி அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் பழக்கம் ஐந்து வயதிலேயே வாய்த்தவனுக்குப் பிற்காலத்தில் அயலானை அலட்சியம் செய்வது கடினமாயிருக்கும். இன்னொன்றும் அங்கே நடக்கும். அன்று பகலில் கோபத்தால் அநியாயமாக அடித்துவிட்ட தகப்பன், பிள்ளைகள் கேட்கத் தன் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பதுண்டு. தகப்பனும் ஒரு நியாயத்துக்குக் கட்டுப்பட்டவனே என்று பிள்ளை அறிவதற்கு இதைக்காட்டிலும் சிறந்த பள்ளிக்கூடத்தை நான் அறியேன்.

ஆராதனையும் ஒழுக்கமும் இவ்வாறு பிணைந்திருப்பதைத் தமிழில் காண விரும்புவோர், மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1859-ல் வெளியிட்ட நீதிநூலைத் தேடிப் படிக்கலாம். கத்தோலிக்கராகப் பிறந்து முன்சீப்பாக உத்தியோகம் வகித்த அவர், தெய்வம் உண்டென்பதில் தொடங்கி, தாய்தந்தையர், மக்கள், உடன்பிறந்தார் என்று வீட்டுக்குள் இறங்கி, கைக்கூலி வாங்கும் அதிகாரியையும் விடாமல் கண்டிக்கிறார். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்ததைக் கண்டு, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். சிவபக்தரான ஒரு மகாவித்துவான், அந்தக் கிறிஸ்தவரின் பக்தியை அவர் ஊற்றிய கஞ்சியில் கண்டுகொண்டார். ஆலயத்துக்குள் ஒருமுறையும் நுழையாமலே ஓர் ஆராதனையை ரசித்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

வருஷத்தில் ஒரே ஒரு ஆராதனைக்குத்தான் போக முடியும் என்கிறவர்களுக்கு நான் சிபார்சு செய்வது கிறிஸ்துமஸை அல்ல, பெரிய வெள்ளியையே. வெள்ளிக்கிழமை விடுமுறையாயிருந்த ஆண்டுகளில் அந்நாள் ஜொகூர்க் கிறிஸ்தவர்களுக்குத் தானாகவே ஓய்வுநாளாக வாய்த்தது, இப்பொழுது அப்படியில்லை. சபாவிலும் சரவாக்கிலும் அது பொதுவிடுமுறை, தீபகற்பத்திலோ அதுவும் இல்லை. ஆகவே வருகிறவர்களில் பலர் லீவு எடுத்தே வருவார்கள். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைப் பற்றி நண்பகல் முதல் மூன்று மணிவரை ஏழு தியானங்கள் நடைபெறும். கத்தோலிக்க ஆலயங்களில் பிற்பகலில் சிலுவையை முத்தி செய்யும் வழிபாடு உண்டு. முழுநேரமும் இருங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் குடிக்கத் தண்ணீர் கொண்டு போகலாம். விளையாட்டுச் சாமான் வேண்டியதில்லை. முதல் வார்த்தை, தம்மை அறைந்தவர்களுக்காகவே அவர் மன்னிப்பு வேண்டியதைப் பற்றியதாகையால், தாமதமாகப் போய் அதைத் தவறவிட வேண்டாம்.