ஒரு முஸாபிரைக் கண்டு ஒரு தேசத்தை எழுதலாமா?

பயண நூல்களை விரும்பிப் படியாதார் நம்மில் அரியர். ஹஜ்ஜுப் பிரயாணக் கட்டுரைகளும் அயல்நாட்டு அனுபவக் கட்டுரைகளும் நம் ஏடுகளில் தொடர்ந்து வெளிவந்துள்ளன. வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டு மகிழ்ந்ததும் உண்டு. அவற்றால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றிலே காணும் ஒரு குறை நெடுநாளாக நம் உள்ளத்தை உறுத்தி வருகின்றது. மினாவின் நெரிசலில் ஒருவர் தோளால் இடித்துவிட்டுச் சென்றால், அந்நாட்டாரே முரடர் என்று எழுதிவிடுகின்றனர். விமான நிலையத்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தால், பண்பிற் சிறந்தவர் அந்நாட்டாரே என்று புகழ்ந்துவிடுகின்றனர். ஒரு மனிதரைக் கண்டது மெய். ஒரு தேசத்தையே கண்டதாக எழுதுவது எங்ஙனம் மெய்யாகும்?

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அரபு உரைநடையின் பேராசானாகிய ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) இயற்றிய 'கிதாபுல் புகலா' என்னும் உலோபிகள் பற்றிய நூலில் மர்வு நகரத்தார் படும்பாடு பெரிது. ஹஜ்ஜுக்கும் வாணிபத்துக்குமாகப் பயணம் செய்யும் மர்வுக்காரர் ஒருவர், இராக்கியர் ஒருவர் இல்லத்தில் தங்கி விருந்துண்பது வழக்கம். தம் ஊருக்கு வந்தால் இவ்வுபகாரத்துக்கெல்லாம் கைம்மாறு செய்வதாக ஒவ்வொரு முறையும் சொல்லிச் செல்வார். நெடுங்காலத்துக்குப் பின் இராக்கியர் மர்வுக்குப் போக நேர்ந்தது. நண்பரோ அவரை அறியாதவர் போலிருந்தார். தம் பயண உடையே காரணம் போலும் என்றெண்ணி இராக்கியர் முகத்திரையை நீக்கினார், தலைப்பாகையைக் கழற்றினார், தொப்பியையும் எடுத்தார். மர்வுக்காரரோ, நீர் தோலையே உரித்துக்கொண்டு வந்து நின்றாலும் நாம் உம்மை அறியோம் என்னும் பொருள்படக் கூறிவிட்டாராம்.

நகைச்சுவையில் இதற்கு இணை அரிது. இப்பகுதியை மாணவர்க்குப் பாடம் சொன்ன காலத்தில், மர்வுக்காரரே இப்படித்தான் என்று நாமும் சொல்லிச் சிரித்ததுண்டு. பின்னொரு நாள் இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் சரிதையைப் படித்தபோது நம் சிரிப்பு நம்மையே சுட்டது. அப்பெருந்தகை ஜாஹிழ் எழுதுவதற்கு முன்பே வாழ்ந்து, ஹிஜ்ரி 181-இல் மறைந்தவர். பிறந்த ஊர் அதே மர்வு. ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது உடன்வரும் ஊரார் தத்தம் வழிச்செலவுப் பணத்தை அவரிடம் ஒப்படைப்பர். அவர் அதனை ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டிவிடுவார். பக்தாது, மதீனா, மக்கா என வழிநெடுகிலும் உணவு, உடை, வீட்டாருக்கு வாங்கும் பொருள் அனைத்துக்கும் தம் கைப்பணத்தையே செலவிடுவார். ஊர் திரும்பியதும் விருந்து படைத்து, பெட்டியைத் திறந்து, பெயரெழுதி வைத்த பணப்பைகளை அவரவரிடமே திருப்பித் தந்துவிடுவார். ஊரும் அதுவே, ஹஜ்ஜுப் பயணமும் அதுவே. இராக்கியர் இவரைச் சந்தித்திருப்பின் மர்வு கொடைவள்ளல்களின் நகரமாகப் பெயர் பெற்றிருக்கும். அதுவும் உண்மையாகியிராது.

இனி, பயண நூல்களுக்கெல்லாம் தலையாய இப்னு பதூதாவின் 'ரிஹ்லா'வை நோக்குவோம். 1355-இல் எழுதி முடிக்கப்பெற்ற அந்நூலில், 1352, 1353 ஆண்டுகளில் அவர் கண்ட மாலி நாட்டு வரலாறு நம் வாதத்துக்குத் தக்க சான்றாகும். எல்லை நகரில் அந்நாட்டு ஆளுநர், அருகில் நின்ற வணிகரிடம் நேரே பேசாமல் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் பேசினார். இதனை அவமதிப்பென்று கருதிய இப்னு பதூதா, இந்நாட்டுக்கு ஏன் வந்தோம் என வருந்தினார். தலைநகரில் மன்னர் சுலைமான் அனுப்பிய விருந்து மூன்று ரொட்டியும், பொரித்த இறைச்சித் துண்டும், ஒரு குடுவைத் தயிருமாக இருக்கக் கண்டு எள்ளி நகைத்தார். மன்னரை உலோபி என்றும் எழுதினார். பின்னர் அம்மன்னரே வீடும் பொன்னும் தந்ததையும் அவர் மறைக்கவில்லை.

அவர் அங்குத் தங்கியது ஏறத்தாழ எட்டுத் திங்கள். அதன் பின் அம்மக்களிடம் தாம் கண்ட நிறைகளையும் குறைகளையும் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். அங்கே அநீதி அரிது; வழிப்போக்கருக்குக் கள்வர் பயமில்லை; இறந்த அந்நியரின் பொருளை எவரும் அபகரிப்பதில்லை; தொழுகையிலும் குர்ஆன் மனனத்திலும் அவர்கள் பேணுதலுடையவர்கள். ஆளுநர் செயலுக்கான விளக்கமும் அந்நூலிலேயே கிடைக்கின்றது: மன்னர் அவையிலும் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பேச்சு நடந்ததை அவரே வருணிக்கின்றார். அவமதிப்பென்று அவர் கொண்டது அவ்வூர் மரபே. முதல் நாள் முறையீட்டோடு திரும்பியிருப்பின் நமக்குக் கிட்டியிருப்பது ஒரு வசைநூலே.

சிலுவைப் போர்க்காலத்தில் வாழ்ந்த உஸாமா இப்னு முன்கித் (1095–1188) தம் 'கிதாபுல் இஃதிபார்' நூலில் பிராங்கியரைக் கடுமையாகச் சாடியவர். எனினும், பைத்துல் முகத்தஸில் தாம் கிப்லாவை நோக்கித் தொழுகையில் ஒரு பிராங்கியர் தம்மைப் பிடித்துக் கிழக்கே திருப்பியதைச் சொல்லும் அவர், அங்கிருந்த பிராங்கிய வீரர்களே அம்மனிதரை அகற்றி, இவர் புதிதாக வந்தவர் என்று கூறி மன்னிப்புக் கோரியதையும் விடாது பதிவு செய்கின்றார். பகைவரை எழுதும்போதும் ஒருவர் செயலை மற்றவர் தலையில் சுமத்தாத அந்நேர்மை, தோழமை நாட்டாரை எழுதும் நமக்கு இருக்கலாகாதா?

மந்திக் என்னும் தர்க்கக் கலையை ஓதியவர்கள் இதனை நன்கறிவர். மனிதன், குதிரை, மாடு முதலியவற்றைக் கண்டு, எல்லா உயிர்களும் கீழ்த்தாடையை அசைத்தே மெல்லும் என்று ஒருவன் விதி செய்வான். முதலையை எடுத்துக்காட்டி ஆசிரியர் அவ்விதியை உடைப்பார். சிலவற்றைக் கண்டு அனைத்தையும் தீர்மானிப்பது குறைபட்ட ஆய்வென்பதே அப்பாடம். ஹதீஸ் கலை வல்லுநரோ ஒவ்வோர் அறிவிப்பாளரையும் அவரவர் பெயரால் தனித்தனியே எடைபோட்டனர். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை இழிவாகக் கருதலாகாது என்னும் கட்டளை சூரத்துல் ஹுஜுராத்தில் உள்ளதை யாவரும் அறிவோம்.

நம் இல்லங்களில் பலர் வளைகுடா நாடுகளில் பல தேசத்தாருடன் ஒரே அறையில் உண்டு உறங்கி உழைக்கின்றனர். விடுமுறையில் வருவோர் வாயிலிருந்து 'அந்நாட்டார் இப்படி, இந்நாட்டார் அப்படி' என்னும் தீர்ப்புகளைக் கேட்டே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். நாளை அவர்களும் அங்குச் செல்வர்; அறைத்தோழரின் முகம் காணுமுன்னரே வெறுப்பைச் சுமந்து செல்வர். நம்மவர் ஒருவர் கடனைத் திருப்பாது ஊர் வந்துவிட்டால், அதனைக் கொண்டு நம்மனைவரையும் எடைபோடும் அயலாரை நாம் நொந்துகொள்கின்றோம் அல்லவா?

ஆகவே பயணம் எழுதும் அன்பர்களை நாம் வேண்டுவது இதுவே: எத்துணை நாள் தங்கினீர், எத்தனை பேரோடு பழகினீர், அவர்கள் மொழியை அறிவீரா என்பதை முதலில் எழுதுங்கள். கண்டதைக் கண்டவாறு, இன்ன இடத்தில் ஒருவர் இவ்வாறு செய்தார் என்று எழுதுங்கள். அவருடைய நாட்டார் அனைவர்மீதும் தீர்ப்பு வழங்காதிருங்கள். வாசிக்கும் குடும்பத்தாரும் அத்தகைய வரி வருமிடத்தில் சற்றே நிறுத்தி, மர்வுக்காரர் இருவரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்வார்களாக.