கரிவண்டிக்குள் ஒரு நடைவழி

1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் பணிமனையிலிருந்து வெளிவந்தது ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்ற ரயில் எஞ்சின். வடிவமைத்தவர் நைஜல் கிரெஸ்லி. பலரும் அதன் வேகத்தைப் புகழ்வார்கள். 1934இல் மணிக்கு 100 மைல் தொட்டதாக முறைப்படி பதிவான முதல் நீராவி எஞ்சின் அதுதான். என் மனம் லயிப்பதோ, எஞ்சினை ஒட்டி வரும் கரிவண்டியில்.

1928 மே 1 அன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு, 392 மைல், எங்கும் நிற்காமல் ஓடியது அந்த எஞ்சின். எட்டு மணி நேரம் அனல் முன் நின்று ஒரே ஆள் கரி வாரிப் போட முடியுமா? கிரெஸ்லி கரிவண்டியின் ஓரமாகவே ஒரு நடைவழி வைத்தார். உயரம் 5 அடி, அகலம் ஒன்றரை அடி. பாதி வழியில், முதல் பெட்டியில் இளைப்பாறிய ஓட்டுநரும் கரி போடுபவரும் குனிந்து, தோளை ஒடுக்கி, அதன் வழியே எஞ்சினுக்கு வருவார்கள். களைத்த இருவர் அதே வழியில் திரும்புவார்கள். சக்கரம் ஒரு கணமும் நிற்காது.

தண்ணீரும் ஓட்டத்திலேயே. தண்டவாளங்களுக்கு நடுவே நீளத் தொட்டி. கரிவண்டியின் அடியிலிருந்து அகப்பை போன்ற ஒன்று இறங்கும். ஓடும் வேகமே நீரை மேலேற்றிவிடும்.

1963இல் ஓய்வு பெறும்போது 20 லட்சம் மைலுக்கு மேல் ஓடியிருந்தது. அத்தனை பெரிய இரும்புக்குள், மனிதனின் களைப்புக்கென ஒதுக்கிய அந்த ஒன்றரை அடிதான் எனக்கு அதன் அழகு.